ஒரு குழுவுக்கு ஒரு மரம்: வேடந்தாங்கலுக்கு இரண்டு முறை போய்வந்த கதை

2023 ஜனவரியில் எங்கள் 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேர் வேடந்தாங்கல் போய்வந்தார்கள். மறுநாள் அவர்கள் கொடுத்த பயிற்சித்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். 31 தாள்களில் பூநாரைக்கு நேராக டிக். அன்றைக்கு அந்த ஏரியில் ஒரு பூநாரைகூட இல்லை. இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டபோது நான் சேர்த்த பெயர் அது. யாரோ ஒருவன் டிக் போட்டிருக்கிறான், மற்றவர்கள் அவன் தாளைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். "நத்தைகுத்தி" என்ற பெயர் பதினேழு தாள்களில் "நத்தைகத்தி" ஆகியிருந்தது. பதினேழு பேருக்கும் ஒரே பிழை எப்படி வரும் என்பது டீச்சர் வேலை பார்த்த யாருக்கும் தெரியும்.

பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. நான்கு பக்கத் தாள், 24 பறவை, பக்கத்துக்கு ஆறு கட்டம், இரண்டு மணி நேரம். அந்தத் தாளை என் கையில் கொடுத்திருந்தால் நானும் பக்கத்திலிருப்பவளைப் பார்த்துத்தான் எழுதியிருப்பேன்.

வழிகாட்டி இல்லாமல், ஆசிரியர்களே நடத்துகிற சுற்றுலா இது. நாங்கள் தாம்பரம் பக்கத்தில் ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. முதல் முறை எங்கே சறுக்கியது, அடுத்த ஆண்டு எதை மாற்றினோம், மாற்றியும் எது சரிவரவில்லை என்பதைக் கிளம்பத் திட்டமிடும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் முறை

வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கல்வி அலுவலகத்துக்குக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், பஸ்ஸின் எஃப்.சி.யும் இன்சூரன்சும் நகல், முதலுதவிப் பெட்டி. அனுமதிக் கடிதத்தில் "கல்விப் பயன்" என்ற பத்தியை இன்னும் கனமாக எழுதச் சொன்னார் ஹெச்.எம். 2022இல் வேடந்தாங்கல், சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்து உடனே விழுந்தது.

காலை 8 மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லி எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். பரனூர் சுங்கச்சாவடியில் நின்றோம், செங்கல்பட்டு தாண்டி டீக்கு நின்றோம், படாளம் கூட்ரோட்டில் திரும்புவதற்கு முன்பே இரண்டு பேர் வாந்தி. வீட்டில் காலையிலேயே புளிசாதம் கட்டிக்கொடுத்து "பஸ்ல சாப்பிடு" என்று அனுப்பியிருந்தார்கள். போய்ச் சேரும்போது பதினொன்று. வெயில் ஏறிவிட்டது. வேடந்தாங்கல் பறவைகளுக்கு அந்த ஏரி வீடு மட்டும்தான். சாப்பாடு சுற்றியிருக்கிற வயல்களிலும் மற்ற ஏரிகளிலும். பகல் ஏறிய பிறகு குஞ்சுக்குக் காவலாக ஒன்று கூட்டில் நிற்கும், இன்னொன்று இரை தேடப் போயிருக்கும். வருவதும் போவதுமாக மரம் பரபரப்பாக இருக்கிற நேரத்தில் நாங்கள் டீக்கடையில் இருந்தோம்.

கரையில் 42 பேரும் ஒரே வரிசையில் நடந்தார்கள். முன்னால் போனவன் "கொக்கு!" என்று கத்தினான். பின்னால் வந்தவர்களும் "கொக்கு! கொக்கு!" வெள்ளையாக, நீளக் காலோடு இருப்பதெல்லாம் அவர்களுக்குக் கொக்குதான். பி.டி. சார் "சத்தம் போடாதீங்கடா" என்று அதைவிட உரக்கக் கத்திக்கொண்டு வந்தார். உயர்கோபுரத்தில் ஏறும் இடத்தில் நெரிசல். ஒருத்தி அழுதாள்.

திரும்பக் கிளம்பும்போது எண்ணிப் பார்த்தால் 41. மறுபடி எண்ணினாலும் 41தான். பத்து நிமிஷம் எனக்கு உயிர் உயிராக இல்லை. காணாமல் போனதாக நாங்கள் தேடியவன் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில், பைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் மொத்தம் 46 பேர். ஒரு பிள்ளைக்கு 300 ரூபாய் வசூலித்தோம். நான்கு பேர் அன்றைக்கு வரவில்லை. மூன்று பேர் "காய்ச்சல் மிஸ்" என்றார்கள். அது எந்தக் காய்ச்சல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சித்தி, செடிதான் தெரியுது

அடுத்த ஆண்டுக்கான வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்தேன். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன், பதினொரு வயது. கரையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் நிறுத்தி, "எத்தனை கூடு இருக்கு, சொல்லு" என்றேன். "சித்தி, செடிதான் தெரியுது" என்றான். குனிந்து அவன் உயரத்துக்கு வந்து பார்த்தேன். உண்மைதான். புதர் மறைத்தது. முதல் ஆண்டு அதே இடத்தில்தான் 42 பேரையும் நிறுத்தி ஐந்து நிமிடம் நத்தைகுத்தி நாரையைப் பற்றிப் பேசியிருந்தேன். அவர்கள் ஐந்து நிமிடம் செடியைப் பார்த்திருக்கிறார்கள்.

அன்று முழுவதும் அவன்தான் எனக்கு அளவுகோல். கரை நெடுக நடந்து, அவனுக்குத் தடையில்லாமல் தெரிகிற மரங்களை மட்டும் குறித்துக்கொண்டோம். அருகிலேயே நிற்கிற, கூடுகள் தெளிவாகத் தெரிகிற மரம் என்று தேடியதில் ஒன்பது தேறியது. நோட்டில் கரையைக் கோடாக வரைந்து ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டேன். பக்கத்தில் அடையாளம்: "பெஞ்சுக்கு எதிரே", "இரண்டாகப் பிரிந்த நீர்க்கடம்பு", "தனியாக நிற்கும் கருவேலம்". கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, நிழலில் 46 பேர் உட்கார இடம் எங்கே என்பதும் அதே நோட்டில். படத்தையும் வரைபடத்தையும் பார்த்துவிட்டு இதையெல்லாம் முடிவு செய்திருந்தேனே முதல் ஆண்டு, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒன்பது மரம் என்ற கணக்கு வந்ததும் மற்றது தானாக வந்தது. புதிய 7ஆம் வகுப்பிலும் 46 பேர். அவர்களை ஒன்பது குழுவாகப் பிரித்தால் குழுவுக்கு ஐந்து பேர், ஒரு குழுவில் மட்டும் ஆறு. ஒரு குழுவுக்கு ஒரு மரம். இருபது நிமிடம் அந்த மரத்தை விட்டு நகரக் கூடாது. இதைச் சொன்னபோது ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். "இருபது நிமிஷம் ஒரே மரத்தையா? நம்ம பசங்களா?" என்றார் பி.டி. சார்.

பெயரிலிருந்து தொடங்கியது

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளையைப் பெயர்களுக்கே ஒதுக்கினேன். படம் எதையும் காட்டவில்லை. கரும்பலகையில் ஆறு பெயர் மட்டும் எழுதினேன்: நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், கூழைக்கடா. பெயரை மட்டும் வைத்து அந்தப் பறவையை வரையச் சொன்னேன்.

கரண்டிவாயனுக்கு ஒருத்தி சாம்பார் கரண்டியையே வரைந்து கண் வைத்தாள். அது அவ்வளவு தூரம் தப்பில்லை. அந்தப் பறவையின் அலகு நுனி தட்டையாக விரிந்துதான் இருக்கும், அதைத் தண்ணீருக்குள் இடமும் வலமும் துழாவித்தான் இரை பிடிக்கும். பாம்புத்தாராவுக்கு வாத்து உடம்பும் பாம்புத் தலையும் வரைந்திருந்தார்கள். உடம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி அது நீந்துவதைப் பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். அரிவாள் மூக்கனைச் சொல்லவே வேண்டாம். கூழைக்கடாவில்தான், அதாவது பெலிகனில்தான், எல்லோரும் திகைத்தார்கள். ஒருவன் கொம்பு வைத்த ஆடு வரைந்திருந்தான். இந்தப் பெயர்களெல்லாம் ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்கள் வைத்தவை. பையில் தனியாகக் கையேடு எதுவும் எடுத்துப் போக வேண்டியிருக்கவில்லை.

நத்தைகுத்திக்கு மட்டும் கொஞ்சம் பேசினேன். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், பாதி மூடிய பாக்குவெட்டி மாதிரி. வயல் நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுப்பதில் தேர்ந்தது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். "அப்போ அலகைப் பார்த்தே சின்னதா பெருசான்னு சொல்லலாமா மிஸ்?" என்று கேட்டான், போன ஆண்டு பூநாரைக்கு டிக் போட்ட ஒருவனின் தம்பி. வேடந்தாங்கலில் போய்ப் பார்த்துச் சொல் என்றேன்.

ஊர்ப் பெயரும் வந்தது. தாங்கல் என்றால் சிறிய ஏரி என்றதும் "அப்போ பழவந்தாங்கல்?" என்று பின் பெஞ்சிலிருந்து கேள்வி. எலெக்ட்ரிக் டிரெயினில் தினமும் போய்வருகிற ஸ்டேஷனும் ஒரு காலத்தில் ஏரிதான் என்பதைக் கேட்டு வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

இரவல் வாங்கிய பைனாகுலர் இரண்டு. முதல் முறை அதைக் கரையில் கொடுத்து, ஒவ்வொருவரும் "ஒண்ணும் தெரியல" என்று அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள். இந்த முறை பள்ளி மைதானத்திலேயே பழக்கினேன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். முதலில் வெறும் கண்ணால் எழுத்தைப் பார், பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவா, நடுத் திருகைத் திருப்பு. இந்த மூன்றும் கைக்கு வர ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. பைனாகுலர் கிடைக்காத குழுக்களுக்குச் சார்ட் பேப்பரைச் சுருட்டிய குழாய். அது எதையும் பெரிதாக்காது. ஆனால் பக்கத்து மரத்தை மறைத்துவிடும். பன்னிரண்டு வயதுக்கு அதுவே பெரிய உதவி.

இரண்டாம் முறை

2024 ஜனவரியில் போவதாகத்தான் திட்டம். டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது, பொங்கல் வந்தது. காணும் பொங்கல் கூட்டம் அடங்கட்டும் என்று பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு வேலைநாளாகப் பார்த்தோம். முன்னாள் மாணவர்கள் சிலர் பஸ் வாடகையை ஏற்றுக்கொண்டார்கள். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. 46 பேரும் வந்தார்கள். காய்ச்சல் யாருக்கும் இல்லை.

காலை 6 மணிக்குக் கிளம்பினோம். வெறும் வயிற்றில் ஏறு, போய்த்தான் டிபன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். பஸ் ஏறினால் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் சீட், கையில் எலுமிச்சம்பழம். எண்ணிக்கைக்கு ஜோடி முறை: ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி, நான் "ஜோடி?" என்று கேட்டால் இருவரும் கையைக் கோத்துத் தூக்க வேண்டும். தனியாக நிற்கும் கை உடனே தெரிந்துவிடும். 46 தலையை எண்ணுவதைவிட 23 ஜோடியை எண்ணுவது எவ்வளவு நிம்மதி என்பதை அனுபவித்தால்தான் தெரியும். சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில், தண்ணீர் சொந்த பாட்டிலில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழகத்தில் தடை. இருந்தாலும் கேரி பேக் ஏழெட்டு வந்திருந்தது, வாங்கி பஸ்ஸிலேயே வைத்துவிட்டேன்.

ஏழேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இட்லி சாப்பிட்டு எட்டரைக்குக் கரை ஏறினோம். ஒவ்வொரு குழுவையும் அதன் மரத்துக்கு எதிரே கொண்டுபோய் உட்கார வைத்தோம். நான்கு ஆசிரியர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று குழு. கையில் கொடுத்தது போஸ்ட் கார்டு அளவு அட்டை ஒன்று. முன்பக்கம் மரத்தை வரைந்து கூடுகளைப் புள்ளியாக வைக்க வேண்டும். பின்பக்கம் "வந்தது", "போனது" என்று இரண்டு பத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடு. அடியில் ஒரு கேள்வி எழுத இடம். பறவைப் பெயர் எழுதச் சொல்லவே இல்லை.

முதல் ஐந்து நிமிடம் நெளிந்தார்கள். ஒருவன் கல் பொறுக்கினான். எட்டாவது நிமிடம் வாக்கில் எனக்கு வலப்பக்கம் இருந்த குழுவில் ஒரு பெண் பக்கத்துப் பிள்ளையின் முட்டியைப் பிடித்து அழுத்தினாள். அவர்கள் மரத்தில் ஒரு கூழைக்கடா வந்து இறங்கியிருந்தது. குஞ்சு எழுந்து தள்ளாடிப் போய், தாயின் வாய்க்குள் தலையை விட்டது. தலை போனது, கழுத்து போனது, தோள் வரைக்கும் உள்ளே. தாய் அசையாமல் நிற்க, குஞ்சு உள்ளேயே முட்டி மோதியது. "மிஸ், அது குஞ்சை முழுங்குது" என்று கிசுகிசுத்தாள். கத்தவில்லை, கிசுகிசுத்தாள். நான் பதில் சொல்லவில்லை. குஞ்சு தலையை வெளியே எடுத்ததும் அவளுக்கே புரிந்தது. அட்டையில் அவள் எழுதிய கேள்வி: "உள்ளே இருக்கும்போது அது எப்படி மூச்சு விடும்?"

சத்தம் தானாகவே குறைந்திருந்தது. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். நாரைகள் அலகைத் தட்டுகிற "கடகட" ஒலி கேட்கிற அளவுக்கு அமைதி. பி.டி. சார் ஒரு குழுவோடு தரையில் உட்கார்ந்து பேப்பர் குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் என்றது முப்பத்தைந்து ஆனது. அட்டைகளில் வந்த கேள்விகள் சில: ஒரே மரத்தில் பெரிய நாரை மாடியிலும் நீர்க்காகம் கீழ் வீட்டிலும் இருப்பது ஏன்? நீர்க்காகம் ஏன் சட்டையைக் காயப்போட்ட மாதிரி சிறகை விரித்து நிற்கிறது? குச்சி கொண்டுவந்தது ஆணா பெண்ணா? இவ்வளவு நாறுகிற தண்ணீரில் மீன் எப்படி இருக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாத்தமா? அது எரு பாப்பா. இந்தத் தண்ணி பாயற வயலுக்குத் தனியா உரம் எதுக்கு?" என்றார். எச்சம் விழுந்த தண்ணீர் பயிருக்கு நல்லது என்பதால்தான் இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பறவையைக் காத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிய கதையைச் சொன்னேன். அந்தக் கலெக்டர் லயோனல் பிளேஸ்தான் மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையிலும் வருகிறார் என்றதும் தமிழ் ஐயா எழுந்துவிட்டார். கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்ற கதையை அவர் நடித்தே காட்டினார். என் கால அட்டவணையில் இல்லாத இருபது நிமிடம் அதில் போனது, போகட்டும். தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை என்று பெரியவர் சொன்னதைத்தான் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

கரிக்கிலி பறவைகள் சரணாலயமும் பக்கத்தில்தான். அதையும் பார்த்துவிடலாம் என்று இரண்டு ஆசிரியர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று நின்றுகொண்டேன். மூன்று மணிக்குப் பள்ளிக்குத் திரும்பிவிட்டோம்.

சரிவராதவை

உயர்கோபுரம் இந்த முறையும் சிக்கல்தான். குழுகுழுவாக ஏற்றினாலும் கீழே காத்திருக்கிற பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அடுத்த முறை அதைக் கடைசிக்குத் தள்ளி, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைக்கலாம். பைனாகுலர் இரண்டு போதவே இல்லை. கூச்சப்படுகிற பிள்ளைகள் கேட்டு வாங்குவதில்லை. கையில் இருந்தவர்கள் கொடுப்பதும் இல்லை.

பெரிய தவறு என்னுடையது. மரங்களை நான் குறித்தது டிசம்பருக்கு முன்னால். போனது பிப்ரவரியில். பறவைகளுக்கு என் அரையாண்டுத் தேர்வு தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் முதலில் வந்து கூடு கட்டியவை, குஞ்சுகளைப் பறக்கவிட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தன. ஏழாம் எண் மரத்தில் கூடுகள் இருந்தன, பறவை இல்லை. முந்தைய வாரம் ஒரு முறை போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

அந்தக் குழுவில் ஐந்து பேர். முப்பத்தைந்து நிமிடம் காலி மரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு மரத்துக்கு மாற்றும்படி யாரும் கேட்கவில்லை, விட்டு நகரக் கூடாது என்று நான்தானே சொன்னேன். அட்டையில் வந்தது 0, போனது 0, வந்தது 0, போனது 0 என்று ஏழு வரி. கடைசி வரிக்கு முன்னால் "போனது 1 (காக்கா)". கேள்விக்கான இடத்தில், "எல்லாம் எப்போ போச்சு?"

வாங்கிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ், கூடு பதினாலு எண்ணியாச்சு" என்றான் ஒருவன். முன்பக்கத்தில் பதினான்கு கூடுகளும் கிளை கிளையாக, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வரைந்திருந்தார்கள். ஒன்பது அட்டைகளில் அவ்வளவு துல்லியமான படம் வேறு எதுவும் இல்லை. வகுப்பில் அதை ஒட்டி வைத்தேன். மார்ச் முடியும்வரை அந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பொங்கலுக்கு முன்னாலேயே போயிருக்கும் என்று ஒருவன், பின்னால்தான் என்று இன்னொருத்தி.

2025இல் ஜனவரியிலேயே போனோம், முந்தைய வாரம் நான் ஒரு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு. அதே மரங்கள், அதே எண்கள், புதிய பிள்ளைகள். கரையில் ஏறியதும் அவர்கள் கூழைக்கடாவைக் கேட்கவில்லை. "மிஸ், அந்த சைபர் மரம் எது?" என்று கேட்டார்கள்.